துருத்தி ஓய்ந்த நேரம்

கிவா தின்ற சோறெல்லாம் உலைக்கூடத்துச் சோறுதான். ஆனால் அந்தக் கூடத்தின் வாசலுக்குள் அவள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இசுமோ மலைக்குள் இரும்பு உருக்குகிறவர்களுக்கென்றே போட்ட குடியிருப்பில் பிறந்தாள். அப்பா கரி சுடுகிறவர். அதே குடியிருப்பில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டாள். கூடத்தின் உயர்ந்த கூரையையும் அதன் உச்சியில் கிளம்பும் தீப்பொறியையும் பக்கத்தில் நிற்கும் கத்சுரா மரத்தையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. பெண் உள்ளே போனால் கனயாகோ அம்மனுக்குக் கோபம் வரும், நெருப்பு கெடும்.

இந்தக் கனயாகோ லேசுப்பட்ட தெய்வமில்லை. அவளுக்கு நாய் ஆகாது, சணல் ஆகாது, பெண் ஆகவே ஆகாது. தாயே, நீயும் பெண்தானே என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? மனைவி தூரமாக இருக்கிற நாட்களில் புருஷன் வீட்டுப் பக்கமே வராமல் கூடத்திலேயே கிடப்பான். வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். பிள்ளைத் தீட்டுப் பட்டவன் உலைப் பக்கம் போனால் எரிகிற உலையில் தண்ணீரை ஊற்றியதற்குச் சமம். ஆனால் சாவுத் தீட்டு இருக்கிறதே, அது அவளுக்கு விருந்து. இரும்பு சரியாகத் திரளாத ஒரு காலத்தில், செத்தவனைக் கொண்டுவந்து கூடத்துத் தூணில் கட்டிவைத்தார்களாம், அதற்கப்புறம் இரும்பு வந்து குவிந்ததாம். இன்றைக்கும் குடியிருப்பில் யார் செத்தாலும் பிணப்பெட்டியை அந்தக் கூடத்துக்குள் வைத்துத்தான் செய்வார்கள். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் புதைக்கத் தூக்குவார்கள். வெளியூர்க்காரன் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். இங்கே பிறந்தவர்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. கிவாவுக்கும் தெரியவில்லை.

அவளுக்கு வாய் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. கரிக்கூடையை முதுகில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது எதையாவது சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டே வருவாள். "மெதுவாச் சிரிடி, ஆத்துக்கு அந்தப் பக்கம் மானெல்லாம் ஓடுது" என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு வாய்த்த குராசோவோ நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். அவன்தான் முராகே, உலைக்குத் தலைவன். களிமண்ணில் உலை கட்டுவது, இரும்பு மணலையும் கரியையும் எப்போது எவ்வளவு போடுவதென்று சொல்வது, அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக வலது கண்ணை வைத்து நெருப்பைப் பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. முதல் நாள் நெருப்பு காலைச் சூரியனின் நிறத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் நாள் உச்சிச் சூரியன். கடைசி நாள் மலைக்குப் பின்னால் விழுகிற சூரியன். அந்த நிறத்தைப் பார்த்துப் பார்த்தே முராகேக்கள் எல்லோருக்கும் ஒரு கண் போய்விடும். குராசோவுக்கும் அது போகத் தொடங்கியிருந்தது.

கடலில் அந்நியர்களின் கறுப்புக் கப்பல்கள் தெரிந்ததாகச் செய்தி வந்த பிறகு நாட்டில் எல்லோருக்கும் வாள் வேண்டியிருந்தது. பரணில் துருப்பிடித்துக் கிடந்ததையெல்லாம் சாணைக்குக் கொடுத்தார்கள், புதிதாகவும் கேட்டார்கள். வாளுக்கு எஃகு வேண்டும், எஃகுக்கு இந்த மலை வேண்டும். பிஜெனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வாள்கொல்லர்கள் கணவாய் தாண்டி வந்து பாளத்தின் உடைந்த துண்டுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில்தான், பட்ட காலிலே படும் என்பதுபோல, குராசோவின் உலை இரண்டு தடவை அடுத்தடுத்துக் கெட்டது. பாளம் என்று வெளியே இழுத்ததெல்லாம் எதற்கும் ஆகாத சிட்டமும் சல்லடை ஓட்டையுமாக இருந்தது. பிஜென் கொல்லர் ஒருவர் அதைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குதிரை ஏறினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முதலாளியின் காரியக்காரர் மறுநாளே வந்துவிட்டார்.

"குராசோ, உங்க அப்பன் முகத்துக்காகத்தான் இந்த ஒரு தடவை. இதுவும் சிட்டமா வந்துச்சுன்னா நீ மூட்டையைக் கட்டிக்க. பனி உருகட்டும்னுகூட முதலாளி காத்திருக்க மாட்டார்."

குராசோ தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கதவுக்குப் பின்னால் நின்று கிவா கேட்டுக்கொண்டிருந்தாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கே போவது? மலையைக் கழுவி மணல் அரித்து ஆற்றைக் கலக்கி வயலைக் கெடுத்தவர்கள் என்று கீழே இருக்கும் விவசாயிகள் மலைக்காரர்களை வாசலில்கூட உட்காரவிடமாட்டார்கள். இரண்டு தடவை உலை கெட்ட முராகேயை இன்னொரு குடியிருப்பும் சேர்க்காது. இதில் அவள் வாயும் வயிறுமாக வேறு இருந்தாள். பல வருஷம் காத்திருந்து தங்கிய முதல் கரு.

பேறுகாலத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. குடியிருப்பில் எல்லோருக்கும் பிரசவம் பார்க்கிற யொனே வயிற்றைத் தடவிப் பார்த்து அப்படித்தான் சொன்னாள். அதற்குள் இந்தத் தடவை உலை வேலை முடிந்துவிடும். முடிந்ததும் கிவா கணவாய்க்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று பேச்சு. முராகேயின் மனைவிமார் அப்படித்தான் செய்வார்கள்.

குராசோ ஆற்றில் முழுகி, வெள்ளை உடுத்தி, உலைக்கூடத்துக்குள் போனான். துருத்தி மிதிக்கிறவர்கள் ஏறினார்கள். டொம், டொம் என்று அந்தச் சத்தம் தொடங்கிவிட்டால் மூன்று பகலும் மூன்று இரவும் நிற்காது. குடியிருப்பில் பிறந்த பிள்ளைகளுக்கு அதுதான் தாலாட்டு. ஆள் மாறும்போது மட்டும் கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி ஏறும்.

இரண்டாம் நாள் காலையில் கிவா கரி கொண்டுபோய் வேலிக்கருகே இறக்கும்போது பனியில் வழுக்கி உட்கார்ந்தாள். எழுந்தபோது பனிக்குடம் உடைந்து கால் நனைந்திருந்தது. அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அவளாகத்தான் போனாள்.

"இன்னைக்கா? ஏண்டி, உன் வயித்துக்கு ஒரு நேரங்காலம் தெரியாதா?" என்றாள் யொனே. ஆனால் சொல்லும்போதே கை அவளைத் தாங்கிக்கொண்டது. குடியிருப்பின் கீழ்க்கோடியில் ஆற்றோரம் பிள்ளைபெறும் குடிசை இருந்தது. அங்கே கூட்டிக்கொண்டு போய், வைக்கோல் மூட்டைமேல் சாய்த்து, விட்டத்திலிருந்து தொங்கிய கயிற்றைக் கையில் கொடுத்தாள்.

"அவருக்குச் சொல்லணுமா?" என்று கேட்டாள் கிவா.

"சொன்னா அவன் வெளிய வந்தாகணும். வந்தா நெருப்பை யார் பாக்கறது? மொஹெய்யா? அவனுக்குக் கரி அள்ளத்தான் தெரியும்."

"அப்போ தீட்டு?"

"காதுல விழாத பிள்ளை இன்னும் பிறக்காத பிள்ளைடி. நாளைக்கழிச்சு உலையை உடைச்சதும் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் உன் வாயிலருந்து ஒரு சத்தம் வரக்கூடாது. இந்தப் பனியில ஆத்தங்கரையில தும்மினாக்கூட மேல கேக்கும்."

மானை விரட்டும் வாய் என்று பெயரெடுத்தவள் வாயில் துணியைத் திணித்துக்கொண்டாள். கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி, மேலிருந்து வரும் துருத்திச் சத்தத்தோடு மூச்சைச் சேர்த்து விட்டாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு முனகல்கூட அவளிடமிருந்து வரவில்லை. குடியிருப்பில் அப்படி ஒரு பிரசவத்தை நான் பார்த்ததில்லை என்று யொனே சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உச்சிப்பொழுதுக்குப் பிள்ளை பிறந்தது. பெண். ஒரு மாதம் முந்தி வந்ததென்று சொல்ல முடியாது, அப்படி ஒரு குரல். அம்மாவின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு வந்திருந்தது. துருத்திச் சத்தத்துக்குள் அது அமுங்கிப்போனதால் யொனேவும் பயப்படவில்லை. கொடியை அறுத்து, துணியில் சுற்றி, கிவாவின் கையில் கொடுத்துவிட்டு, வெந்நீர் எடுத்துவர வெளியே போனாள். கிவா பிள்ளையைப் பார்த்தாள். சிவந்த முகம், நனைந்த கருமுடி, எதையோ தேடுகிற வாய். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல் சிரித்தாள்.

அப்போது மேலே ஆள் மாறினார்கள். துருத்தி ஓய்ந்தது.

பள்ளத்தாக்கே மூச்சை நிறுத்தியதுபோல் ஆனது. அந்த அமைதிக்குள் பிள்ளை வீரிட்டது. கிவா என்ன செய்கிறோம் என்று நினைக்கவில்லை. முகத்தை இழுத்து மார்போடு அழுத்திக்கொண்டாள். துருத்தி மறுபடி எப்போது ஏறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. காதுக்குள் அடித்துக்கொண்டது துருத்தியா தன் நெஞ்சா என்றும் தெரியவில்லை. விட்டால் கத்தும், கத்தினால் கேட்கும், கேட்டால் அவர் வெளியே வருவார், வந்தால் எல்லாம் போயிற்று. இதுதான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. யொனே வெந்நீரோடு உள்ளே வந்து கையை விலக்கினாள். விலக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம்.

யொனே பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டினாள். வாயில் வாய் வைத்து ஊதினாள். வெந்நீரில் வைத்தாள், குளிர்ந்த நீரில் வைத்தாள். பிறகு துணியில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"செத்துப் பிறந்துச்சு" என்றாள். "கேட்டியா கிவா? செத்துத்தான் பிறந்துச்சு. நீ ஒண்ணும் பண்ணலை."

கிவா அவளையே பார்த்தாள்.

"இனிமே சொல்லலாம்" என்றாள் யொனே. எழுந்து, பனியில் மேலே ஏறிப் போனாள். வேலிக்கு வெளியே நின்று, முராகே வீட்டில் ஒரு சாவு, பிள்ளை செத்துப் பிறந்தது என்று குரல் கொடுத்தாள்.

அவளைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. போனது போயிற்று, இருக்கிறதையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தாள். அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் கரிக்காரர்களின் தலைவன் மொஹெய் வந்தான். குடிசைக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றான். கையில் மடித்த வெள்ளைத் துணி.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. கனயாகோ அம்மா கேக்கறா. உள்ள எல்லாருக்கும் இப்பத்தான் உசுரு வந்துருக்கு. சாவு வந்துருச்சு, இனி பயமில்லைங்கறாங்க. தூண்ல கட்டணும்."

"குளிருமே, மொஹெய்" என்றாள் கிவா.

"உலைக்கிட்டதானே அண்ணி. குளிராது."

கொடுத்தாள். ஆணா பெண்ணா என்று அவன் கேட்கவில்லை. பெண் ஆகாத அந்தக் கூடத்துக்குள் ஒரு பெண் போயிற்று, ஒருவரும் தடுக்கவில்லை. உயிரோடு போயிருந்தால் தடுத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் முடிந்து உலையை உடைத்தார்கள். சங்கிலி போட்டு இழுத்த பாளம் பனிமேல் சீறிக்கொண்டு வந்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். குளத்தில் ஆறவைத்து, உயரத்திலிருந்து இரும்புக்குண்டைப் போட்டு உடைத்தபோது உள்ளே வெள்ளை வெளேரென்று மின்னியது. அப்படியொரு எஃகை முதலாளியின் அப்பா காலத்தில்கூடப் பார்த்ததில்லை என்றார்கள். காலால் புரட்டிப் பார்த்த அதே பிஜென் கொல்லர் திரும்பி வந்து, நடுப்பாளத்துத் துண்டுகளை மண்டியிட்டு எடுத்தார். முதலாளி வீட்டிலிருந்து பீப்பாய் பீப்பாயாக சாக்கே என்கிற அரிசி மது வந்தது, வெள்ளை அரிசி வந்தது, காய்ந்த கணவாய் மீன் வந்தது. காரியக்காரர் குராசோவின் தோளில் கை போட்டுக்கொண்டார். போன மாதம் மூட்டையைக் கட்டச் சொன்ன வாய்தான் அது!

கிவாவுக்கும் மரியாதை வந்தது. கூடை தூக்க விடவில்லை. துருத்தி மிதிக்கிறவர்கள் அவளைப் பார்த்தால் வழிவிட்டு ஒதுங்கிக் குனிந்தார்கள். "உங்க பிள்ளையாலதான் நாங்க சாப்பிடறோம்" என்று ஒருத்தி வீடு தேடி வந்து சொல்லிவிட்டு, முள்ளங்கி ஊறுகாய் கொடுத்துவிட்டுப் போனாள். கிவா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றைக் கொடுத்தேன், ஒன்று கிடைத்தது. அம்மன் கேட்டாள், என் கை வழியாக எடுத்துக்கொண்டாள். கொடுக்காமல் போயிருந்தால் மூன்று பேரும் பனியில் செத்திருப்போம். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் இதைத் தனக்குச் சொல்லிக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து மான் எதுவும் ஓடவில்லை. வயிற்றில் வேறு பிள்ளையும் தங்கவில்லை. குராசோ அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் எதைப் பற்றித்தான் பேசினான்?

குராசோவின் வலது கண் முழுதாக அவிந்து, அவன் உலையை விட்டு இறங்கிய வருஷம், வசந்தத் திருவிழாவுக்கு பிஜென் கொல்லர் வந்தார். நடுப்பாளத்துத் துண்டுகளை இத்தனை காலம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து ஒரு வாள் செய்து, அம்மனுக்கே காணிக்கையாகக் கொண்டுவந்திருந்தார். சன்னதியில் கட்டியிருந்த வைக்கோல் கயிற்றுக்கு வெளியே பெண்கள் நின்றார்கள். கொல்லரும் இப்போது தளர்ந்திருந்தார். ஆனால் பேச்சில் உற்சாகம் குறையவில்லை.

"துண்டு துண்டா அடுக்கி, சூடேத்தி, மடிச்சு மடிச்சு அடிச்சேன். ஒரு இடத்துலயும் பிளக்கலை. களிமண் பூசி, முதுகுல தடிமனா, விளிம்புல மெல்லிசா, கொண்டுபோய்த் தண்ணியில விட்டப்போ என் நெஞ்சு நின்னுபோச்சு. எத்தனையோ வாள் அந்தத் தண்ணியில விரிசல் விட்டுருக்கு. இது ஒரு சத்தம் போடலை. முராகே, முதல்ல நீங்க பாருங்க. உங்களுதுதான் இது."

குராசோ வாளுக்குத் தலை தாழ்த்தி வணங்கினான். மடித்த தாளை உதடுகளுக்கு நடுவே கவ்விக்கொண்டான். மூச்சின் ஈரம் பட்டால் எஃகு துருப்பிடிக்கும், அதனால் பார்க்கிறவன் வாயைத் தாளால் அடைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். உறையிலிருந்து மெல்ல உருவி, வெளிச்சத்துக்கு நேரே நீட்டி, மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தான். விளிம்போரமாக ஒரு வெள்ளை, மேகம்போல ஓடியது. திடீரென்று முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டான். வாளைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்து, கொல்லரிடம் அவசரமாகத் திருப்பிக் கொடுத்தான். நெருப்பு தின்ற கண், தண்ணீர் வடியத்தான் செய்யும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். வாள்மேல் ஒரு சொட்டும் விழவில்லை என்று கொல்லருக்கு நிம்மதி.

கயிற்றுக்கு வெளியே நின்ற கிவாவுக்கு மட்டும் அது அழுகை என்று தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் அவள்தான் கேட்டாள். "என்னங்க தெரிஞ்சுச்சு அதுல?"

அவன் நடையை நிறுத்தவில்லை.

"அந்த வெள்ளை இருக்குல்ல, விளிம்புல? அது அன்னைக்கு நான் பாத்த வெளிச்சம். ரெண்டாம் நாள் உச்சியில." பிறகு சொன்னான்: "சத்தம் கேட்டுச்சு, கிவா."

"என்ன சத்தம்?"

"ஆள் மாறினாங்க, துருத்தி ஓஞ்சுச்சு. அப்போ கீழருந்து ஒரு குரல். பிள்ளைக் குரல். வேற யாருக்கும் கேக்கலை, நான் ஆத்துப் பக்கச் சுவர்கிட்ட குனிஞ்சிருந்தேன். தீட்டு வந்துருச்சு, எந்திரிச்சுப் போயிடணும்னு நினைச்சேன். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாம்னு ஓட்டையில கண்ணை வெச்சேன்." அவன் நின்றான். "அப்படி ஒரு நெருப்பை எங்கப்பாகூடப் பாத்திருக்க மாட்டாரு. அந்தக் குரல் வந்த நிமிஷம் அது உச்சிச் சூரியனா மாறி நின்னுச்சு. அம்மா ஏத்துக்கிட்டா, கத்தினா கத்தட்டும்னு ஏத்துக்கிட்டானு எனக்குத் தோணுச்சு. நான் எந்திரிக்கலை. உலையை உடைச்சதும் ஓடி வந்து தூக்கிப் பாக்கணும்னு இருந்தேன். அதுக்கப்புறம்தான் யொனே வந்து செத்துப் பிறந்துச்சுன்னு கூவினா. என்னைக் காப்பாத்த பொய் சொல்றா, பிறந்து செத்துருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

கிவா அவனுக்கு இரண்டடி பின்னால் நின்றுவிட்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அம்மன் வரம் கொடுத்துவிட்டிருக்கிறாள். மறித்து நின்ற பூசாரி அவளுடைய இரண்டு கைகள். இத்தனை வருஷமும் ஒவ்வொரு காலையிலும் தனக்குச் சொல்லிக்கொண்ட சொல்லில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கொடுத்ததால் கிடைக்கவில்லை. கிடைத்த பிறகு, சும்மா, வீணாகக் கொன்றிருக்கிறாள்.

"உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்" என்றான் குராசோ. "கேக்க வாய் வரலை. எவ்வளவு நேரம் இருந்துச்சு அது?"

ஆற்றுச் சத்தம் கேட்டது. புது முராகேயின் உலை அன்றைக்குத் திருவிழாவுக்காக எரியாமல் கிடந்தது, துருத்தி இல்லை.

"பொண்ணு" என்றாள் கிவா. "நான் கையை எடுத்திருந்தா இன்னைக்கு வரைக்கும் இருந்திருப்பா."

குராசோ திரும்பினான். எந்தப் பக்கம் அவள் நிற்கிறாள் என்று தேடுவதுபோல ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அவள் அவனைத் தாண்டி நடந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, வீட்டில் அடுப்பு இன்னும் மூட்டவில்லை.